வருஷத்துக்கு எத்தனை புத்தகம் படிக்கலாம்? வாசிப்பு இலக்கின் கணக்கும், கரிவலத்தில் எரிந்த ஏடுகளும்

ஜனவரி முதல் வாரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் தெரியும். "இந்த வருஷம் 50 புத்தகம்", "வாரம் ஒண்ணு, மொத்தம் 52" என்று ஆளாளுக்கு ஓர் எண். மார்ச் மாதம் வரும்போது அதே ஆட்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். புத்தகத் திருவிழாவில் வாங்கிய பை பீரோ மேல் அப்படியே இருக்கும். டிசம்பரில் ஒரு குற்றவுணர்வு. அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஓர் எண்.

வாசிப்புக்கு ஆண்டு இலக்கு வைப்பது நல்லதா, வீண் வேலையா? எவ்வளவு வைத்தால் தாங்கும்? வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஒரு நாளில் நேரம் எங்கே இருக்கிறது? புத்தகக் கடை இல்லாத ஊரில் இருப்பவர் என்ன செய்வது? இதையெல்லாம் பேச தென்காசி மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து தொடங்கலாம். புத்தகங்களைப் படிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் இருக்கிற வலுவான சாட்சி அந்த ஊர்.

கரிவலத்தில் என்ன நடந்தது?

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பேச்சுவழக்கில் கரிவலம். பால்வண்ணநாதர் கோயில்தான் ஊரின் அடையாளம். 16-ம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர்கள் ஆண்ட பகுதி இது. அந்தப் பாண்டியர்களில் சிலர் நல்ல புலவர்கள். 'நைடதம்' எழுதிய அதிவீரராம பாண்டியரும், 'பிரமோத்தர காண்டம்' எழுதிய வரதுங்கராம பாண்டியரும் அந்த மரபில் வந்தவர்கள். கரிவலத்து இறைவன் மேல் பாடப்பட்ட 'திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி'க்கு 'குட்டித் திருவாசகம்' என்றே ஒரு பெயர் உண்டு. அரசர்களே புலவர்களாக இருந்த ஊரில் ஏடுகள் நிறைய இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

உ.வே.சாமிநாதையருக்கும் அப்படித்தான் தோன்றியது. 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பழைய ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். வரகுண பாண்டியர் என்ற அரசர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள், அவர் காலத்துக்குப் பிறகு கரிவலம் கோயிலுக்கு வந்துசேர்ந்தன என்று கேள்விப்பட்டு இங்கே வந்தார். கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்தவரிடம் விசாரித்தார். கிடைத்த பதிலை அவர் தன் 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்திருக்கிறார். பழைய கணக்கு ஓலைகளோடு சேர்ந்து குப்பை மாதிரிக் கிடந்த சுவடிகளை, சாஸ்திரம் சொல்கிறது என்று நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டார்களாம். அப்படி ஒரு சாஸ்திரம் இருந்தால், முதலில் எரிய வேண்டியது அதுதான் என்று உ.வே.சா. மனம் நொந்து எழுதுகிறார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஏடுகளை எரித்தவர்கள் பகைவர்கள் இல்லை. புத்தகத்தை வெறுத்தவர்களும் இல்லை. கண்ட இடத்தில் போட்டு மிதிபடக் கூடாது என்ற மரியாதையில்தான் செய்தார்கள். பல காலமாக அவற்றை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசகர் இல்லாமல் போனபோதே அந்த ஏடுகளின் கதை முடிந்துவிட்டது. தீ பிறகுதான் வந்தது. எந்தெந்த நூல்கள் போயின என்று இன்றுவரை பட்டியல்கூட இல்லை.

பட்டியல் பெரிசு, ஆனா படிச்சது என்ன?

உ.வே.சா.வை ஒரு பெரிய அறிஞராக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரும்கூட. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். பகலில் வகுப்பு. மீதி நேரத்தில் ஏடு. விடுமுறை விட்டால் பயணம். இன்றைக்கு அலுவலகம் போய்வந்து இரவில் பத்துப் பக்கம் புரட்டுகிறவர்களின் வாழ்க்கைக்கு ரொம்ப தூரத்தில் இல்லாத ஒரு வாழ்க்கை.

வாசிப்பு எண்ணிக்கை பற்றிப் பேசும்போது அவர் வாழ்க்கையில் மறக்கக் கூடாத தேதி 21 அக்டோபர் 1880. கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை அன்று சந்திக்கப் போனார். "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று முதலியார் கேட்க, உ.வே.சா. தான் பாடம் கேட்ட அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. முதலியார் அசரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். உ.வே.சா. அதுவரை அந்த நூலைப் பார்த்ததுகூட இல்லை.

அந்த ஒரு கேள்விதான் அவர் வாசிப்பைத் திருப்பிப் போட்டது. சிந்தாமணி சமண சமயக் காப்பியம். அந்தச் சமயம் தெரியாமல் நூல் புரியவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டார். இருபதுக்கும் மேற்பட்ட ஏட்டுப் பிரதிகளைத் திரட்டி, ஒப்பிட்டுப் பார்த்தார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. ஒரே ஒரு புத்தகம், ஏழு ஆண்டு. இன்றைய ஆப்பில் போட்டால் ஆண்டுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அங்கே தொடங்கியதுதான் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) என்று வரிசையாக வந்தது.

எல்லோரும் உ.வே.சா. ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் "எத்தனை படித்தாய்?" என்ற கேள்வியும் "என்ன படித்தாய்?" என்ற கேள்வியும் வேறு வேறு என்பதை அந்தச் சந்திப்பு தெளிவாகக் காட்டுகிறது. ஆண்டு இலக்கு வைக்கிறவர் இரண்டுக்கும் பதில் வைத்திருப்பது நல்லது.

இந்த ஆண்டு இலக்கு எங்கே இருந்து வந்தது?

படித்த நூல்களின் பட்டியலை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் பழையது. அதைப் பொதுவெளியில் ஒரு போட்டியாக மாற்றியது இணையம். 2007-ல் தொடங்கிய குட்ரீட்ஸ் தளம், 2011-ல் வாசிப்புச் சவால் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் நீங்களே ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தை முடிக்கும்போதும் கோடு நகரும். இலக்குக்கு முன்னால் இருக்கிறீர்களா, பின்தங்கிவிட்டீர்களா என்று காட்டும். 2013-ல் அமேசான் அந்தத் தளத்தை வாங்கியது. பிறகு ஸ்டோரிகிராஃப் போன்ற மாற்று ஆப்கள் வந்தன. அதில் புத்தகக் கணக்குக்குப் பதிலாகப் பக்கக் கணக்கையோ நேரத்தையோ இலக்காக வைக்கலாம்.

உங்களால் எத்தனை முடியும்? கணக்குப் போடுவோம்

இதற்கு அடுத்தவர் எண்ணைப் பார்க்கத் தேவையில்லை. கையில் ஒரு புத்தகம், போனில் ஸ்டாப்வாட்ச் போதும். வழக்கமாகப் படிக்கிற மாதிரி 10 பக்கம் படியுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு 15 நிமிடம் என்று வைப்போம். அப்படியானால் மணிக்கு 40 பக்கம். தினமும் அரை மணி நேரம் என்றால் 20 பக்கம். 365 நாளுக்கு 7,300 பக்கம். 200 பக்கப் புத்தகமாக எடுத்தால் 36 புத்தகம். கல்யாணம், காய்ச்சல், கோயில் கொடை, மாதக்கடைசி ஆபீஸ் நெருக்கடி என்று 65 நாளைக் கழித்துவிட்டால் 6,000 பக்கம், அதாவது 30 புத்தகம். தினம் அரை மணி நேரத்தில் இது சாத்தியம். ஒரு நாளும் ராத்திரி முழுக்கக் கண்விழிக்கத் தேவையில்லை.

இணையத்தில் "நிமிடத்துக்கு இத்தனை சொல்" என்று ஒரு கணக்குச் சுற்றும். உளவியலாளர் மார்க் பிரிஸ்பார்ட் 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் மனசுக்குள் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் கட்டுரை நூல்களுக்கு நிமிடத்துக்கு 238 சொல், புனைவுக்கு 260 சொல் என்று சொன்னார். இதை அப்படியே தமிழுக்குப் பொருத்தக் கூடாது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக வருவது தமிழில் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' என்று ஒரே சொல்லாக வந்துவிடும். அதனால் தமிழில் சொல் கணக்கு குறைவாகத்தான் வரும். பக்கக் கணக்கே நமக்குச் சரி.

எண்ணிக்கையில் என்ன சிக்கல்?

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 2,000 பக்கத்துக்கு மேல். அதை ஒரு புத்தகம் என்று எண்ணுவதா, ஐந்து என்று எண்ணுவதா? நாள் ஒன்றுக்கு 20 பக்கம் என்றால் நூறு நாளுக்கு மேல் ஆகும். 1950-ல் 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது வாசகர்கள் அதை 1954 வரை, மூன்றரை ஆண்டு வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள். மறுபக்கம் திருக்குறள் 1,330 குறள். கையடக்கப் பதிப்பை ஒரு நாளில் புரட்டிவிடலாம். ஆப்பில் அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று.

எண் மட்டுமே இலக்கானால் என்ன நடக்கும்? நவம்பர் மாதம் வந்ததும் அலமாரியில் ஒல்லியான புத்தகமாகத் தேடுவோம். தடிமனான நாவலை 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று தள்ளிவைப்போம். கவிதையைச் செய்தித்தாள் மாதிரி வேகமாக ஓட்டுவோம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டால் கணக்கில் வராதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்போம். மறுவாசிப்பு நின்றே போகும். பிரிட்டன் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரில் ஒரு விதி சொல்லப்படுகிறது: ஓர் அளவுகோலையே இலக்காக மாற்றினால், அது நல்ல அளவுகோலாக இருக்காது. பொருளாதாரத்துக்குச் சொன்னது, புத்தக அலமாரிக்கும் பொருந்துகிறது.

அதற்காக இலக்கே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஓர் எண் இருந்தால், "கடைசியாக எப்போது புத்தகத்தைத் தொட்டேன்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்த நினைவூட்டலுக்கு அது உதவும். அதற்கு மேல் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

"எங்கங்க டைம் இருக்கு?"

கரிவலத்தில் குடியிருந்து சங்கரன்கோவிலில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்வோம். பஸ் பயணம் ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 250 வேலை நாளில் போக வர 10,000 நிமிடம், சுமார் 166 மணி நேரம். மணிக்கு 40 பக்கம் என்றால் 6,600 பக்கத்துக்கு மேல், அதாவது 33 புத்தகம். சரி, தினமும் உட்கார இடம் கிடைக்காது. காலையில் பள்ளிக்கூடக் கூட்டம் இருக்கும். சிலருக்கு ஓடும் பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும். பாதியைக் கழித்துவிடுங்கள். அப்பவும் 16 புத்தகம் மிச்சம். தலை சுற்றுகிறவர்களுக்கு ஒலிநூல் இருக்கிறது. காதால் கேட்டதைக் கணக்கில் சேர்க்கலாமா என்ற சண்டை வேண்டாம். பள்ளிக்கூடம் போகாத தலைமுறைகள் இந்த ஊர்ப்பக்கம் மகாபாரதத்தைக் காதால் கேட்டுத்தான் கற்றன.

பழக்கம் எப்படி ஒட்டும் என்பதற்கும் ஆய்வு உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஒட்டிக்கொள்ள நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் அது 18 நாளில் இருந்து 254 நாள் வரை மாறியது. '21 நாளில் பழக்கம்' என்று சுற்றும் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம் ஆறுதலானது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. ஒரு நாள் விட்டதற்காக மொத்தத்தையும் கைவிடுவதுதான் நஷ்டம்.

'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்று வைத்தால் நேரம் கிடைக்காது. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையோடு வாசிப்பை முடிச்சுப் போடுவது எளிது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் புத்தகம், சாப்பாட்டு டப்பாவை மூடியதும் ஐந்து பக்கம், போனைச் சார்ஜில் போட்டதும் புத்தகம் என்று. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் திட்டமிடுவது வேலை செய்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே காட்டியிருக்கிறார்.

போனிலா, தாளிலா?

போனில் படிப்பது தப்பில்லை. எதைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2018-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தது. தகவல் சார்ந்த நூல்களைத் திரையை விடத் தாளில் படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தபோது வித்தியாசம் கூடியது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, சிறுகதையும் நாவலும் போனில் படிக்கலாம். வரலாறு, அறிவியல், தேர்வுப் பாடம் என்றால் முடிந்தவரை தாள். போனில் படிக்கும்போது நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். இரண்டாவது பக்கத்தில் ரீல்ஸ் கூப்பிட்டால் கல்கியாலும் தாக்குப்பிடிக்க முடியாது.

கடை இல்லாத ஊரில் புத்தகத்துக்கு எங்கே போவது?

முதல் பதில், நூலகம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கு என்று முதலில் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம்தான். 1948-ம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் நீண்ட உழைப்பு இருக்கிறது. 1931-ல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியின் சாரம், நூல் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. பூட்டி வைத்துப் பாதுகாத்தால் மட்டும் போதாது என்று அவர் சொன்னதன் அர்த்தம் கரிவலத்துக் கதை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும்.

இந்தச் சட்டத்தால் நமக்கு என்ன லாபம்? உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுகிறது. வரி 500 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 50 ரூபாய். அதாவது நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள். உறுப்பினர் ஆகாமல் இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். சிறு முன்பணம் கட்டி உறுப்பினராகி புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். திருப்பித் தர வேண்டிய தேதி என்று ஒன்று இருப்பதே படித்து முடிக்க ஒரு நல்ல தூண்டுதல்.

நூலகங்களில் இன்று அதிகம் தென்படுகிறவர்கள் டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு என்று தயாராகும் இளைஞர்கள். "நாங்க படிக்கிறது வாசிப்புக் கணக்குல வருமா?" என்று கேட்டால், தாராளமாக வரும். ஆனால் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் வாரம் ஒரு சிறுகதை என்று தனியாக ஒரு சின்ன இலக்கு வைத்துக்கொள்ளலாம். தேர்வு முடிந்த பிறகும் கையில் புத்தகம் இருக்க அது உதவும்.

இரண்டாவது பதில், இணையம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் நூல்கள் பொதுவுடைமை. 1942-ல் மறைந்த உ.வே.சா.வின் நூல்களும் அப்படிப் பொதுவுடைமை ஆனவைதான். 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்த 'என் சரித்திரம்' நூலை இன்று கரிவலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே போனில் காசில்லாமல் படிக்கலாம். கல்கி, பாரதியார், புதுமைப்பித்தன் உள்ளிட்ட பலரின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவையும் இலவசமாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது, புத்தகத் திருவிழா. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்கு எல்லோராலும் போக முடியாது. இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. தென்காசியிலும் திருநெல்வேலியிலும் நடக்கிறது. அங்கே ஒரு சின்ன கட்டுப்பாடு மட்டும் போதும்: வீட்டில் படிக்காமல் கிடப்பதை எண்ணிவிட்டுப் போங்கள். வாங்கிக் குவித்துப் படிக்காமல் வைப்பதற்கு ஜப்பானியர்கள் 'சுண்டோகு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

தனியாப் படிக்கணுமா?

நெல்லைச் சீமையின் பதில், 'தேவையில்லை' என்பது. ரசிகமணி டி.கே.சி.யின் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூடுவார்கள். வட்டத்தொட்டி என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். கம்பராமாயணத்தில் சில பாடல்களை எடுத்து அனுபவித்துப் பேசுவதே வேலை. எத்தனை நூல் முடித்தோம் என்ற கணக்கு அங்கே கிடையாது. கரிவலத்துக்குக் கிழக்கே, கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்து வளர்ந்த கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் இளம் வயது நண்பர்கள். சேர்ந்து இலக்கியம் பேசி வளர்ந்தவர்கள். இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். சின்ன கிராமத்தில் பேச்சுத்துணைக்கு இன்னொரு வாசகர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

இன்று அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். நான்கு பேர், மாதம் ஒரு புத்தகம், ஒரு டீக்கடை. அல்லது ஞாயிறு மாலை ஒரு மணி நேர வீடியோ கால். 'வர்ற ஞாயித்துக்கிழமை பேசணுமே' என்ற நினைப்பே பாதிப் புத்தகத்தை முடிக்க வைத்துவிடும். படித்ததை இன்னொருவருக்குச் சொல்லும்போது மனதில் நிற்பதும் கூடும்.

அப்போ இலக்கை எப்படி எழுதுவது?

ஒரு தாளிலோ போனிலோ எழுதி வைக்க ஐந்து வரி போதும்.

நேரத்தை இலக்காக வையுங்கள். 'ஆண்டுக்கு 50' என்பதற்குப் பதில் 'தினம் 20 பக்கம்' அல்லது 'தினம் அரை மணி'. அது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. புத்தகத்தின் தடிமன் உங்கள் கையில் இல்லை.

எண் வைத்தே ஆக வேண்டும் என்றால், மேலே சொன்ன கணக்கில் வருவதில் பாதியை எழுதுங்கள். 30 வந்தால் 15. தாண்டினால் சந்தோஷம்.

வகை பிரியுங்கள். 12 புத்தகம் என்றால் ஆறு உங்கள் விருப்பம், மூன்று நீங்கள் இதுவரை தொடாத துறை, இரண்டு ஏற்கெனவே வீட்டில் கிடப்பது, ஒன்று மறுவாசிப்பு. சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்விக்கு இந்த 'தொடாத துறை'தான் பதில் சொல்லும்.

கைவிட அனுமதி கொடுங்கள். 50 பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு அடுத்ததை எடுங்கள். விட்ட புத்தகத்தையும் பட்டியலில் எழுதுங்கள், ஏன் விட்டோம் என்று ஒரு வரியோடு.

முடித்த புத்தகத்துக்கு மூன்று வரி எழுதுங்கள். என்ன சொல்கிறது, எது பிடித்தது, யாருக்குக் கொடுக்கலாம். அந்த மூன்றாவது வரியைச் செய்தும் காட்டுங்கள். படித்த புத்தகம் அலமாரிக்குத் திரும்புவதை விட அடுத்த வாசகர் கைக்குப் போவது நல்லது. திரும்பி வராது என்று பயமாக இருந்தால் முதல் பக்கத்தில் பெயரும், கொடுத்த தேதியும் எழுதிக் கொடுங்கள்.

ஜனவரி வரை காத்திருக்கவும் வேண்டாம். எந்த மாதம் தொடங்கினாலும் 365 நாள் கணக்கு ஒன்றுதான். இன்று இரவு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு 10 பக்கம் படித்து, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்டால், உங்கள் கணக்கின் முதல் வரி தயார்.